உள்ளான அழகு: அந்த வசனம் யாருக்குச் சொன்னது?

இந்த வாரத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கலை. ஒரு தங்கச்சி அனுப்பின வாய்ஸ் மெசேஜ்தான் தலைப்பைக் கொடுத்துச்சு. இதைப் பற்றிப் பேச அவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டேன். பேர், ஊர் எதுவும் சொல்லப் போறதில்லை.

அவங்களுக்கு வீட்டில் வரன் பார்க்கிறாங்க. தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு இடம் வந்திருக்கு. விசுவாசக் குடும்பம். பயோடேட்டா பிடிச்சிருக்கு, படிப்பு பிடிச்சிருக்கு, குடும்பத்தோட சாட்சியும் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. போட்டோ போன மறுநாள் பதில் வந்துச்சாம்: "ஜெபிச்சுப் பார்த்தோம், சமாதானம் இல்லை." ரெண்டு வாரம் கழிச்சு, நடுவில் பேசினவர் வாய்தவறி உண்மையைச் சொல்லிட்டார். பொண்ணு நிறம் கம்மியாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஒரு ஆன்ட்டி இவங்க தோளைத் தட்டிக் கொடுத்து, "கவலைப்படாதம்மா, ஆண்டவர் வெளித்தோற்றத்தைப் பார்க்க மாட்டார், உள்ளத்தைத்தான் பார்ப்பார்"னு சொல்லியிருக்காங்க. அன்பாச் சொன்ன வார்த்தைதான். ஆனா அந்த வாய்ஸ் மெசேஜோட கடைசி வரி என்னை ஒரு வாரம் தூங்க விடலை.

"அண்ணா, ஆண்டவர் உள்ளத்தைப் பார்க்கிறார்னு எனக்குத் தெரியும். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா என் போட்டோவைப் பார்த்தவங்ககிட்ட இதை யாருமே சொல்ல மாட்டாங்களா?"

யோசிச்சுப் பாருங்க. வாலிபர் கூட்டங்களில் 'உள்ளான அழகு' என்ற தலைப்பை நாம் யாருக்கு வைக்கிறோம்? பெரும்பாலும் பெண்களுக்கு. அதிலும் மனசு உடைஞ்சு போனவங்களுக்கு. கண்ணாடி முன்னாடி நிற்கிறவங்களுக்கு ஆறுதலா சொல்றோம். இன்னைக்கு நான் உங்ககிட்ட வைக்கிற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். வேதத்தில் அந்த வார்த்தை, பார்க்கப்பட்டவங்களுக்குச் சொன்னதே இல்லை. பார்த்தவருக்குச் சொன்னது.

தீர்க்கதரிசியின் கண்

1 சாமுவேல் 16-ஆம் அதிகாரம். கதை எல்லாருக்கும் தெரியும். சண்டே ஸ்கூலில் ஃப்ளானல் போர்டில் ஒட்டிக் காட்டியிருப்பாங்க. சவுல் ராஜாவைக் கர்த்தர் தள்ளிவிட்டார். சாமுவேல் அதை நினைச்சு துக்கப்பட்டுக்கிட்டு இருக்கார். கொம்பில் தைலத்தை நிரப்பிக்கிட்டு பெத்லகேமுக்குப் போ, ஈசாயின் குமாரரில் ஒருவனை அபிஷேகம் பண்ணு என்று கர்த்தர் அனுப்புகிறார்.

சாமுவேல் போறார். மூத்தவன் எலியாப் வந்து நிற்கிறான். பார்த்த உடனே சாமுவேல் மனசில் முடிவு பண்ணிட்டார்: கர்த்தர் தேர்ந்தெடுத்தவன் இவன்தான்.

ஏன் அப்படி நினைச்சார்? எலியாப் உயரமா, பார்க்க எடுப்பா இருந்திருக்கான். சாமுவேலுக்கு ராஜா என்றால் எப்படி இருக்கணும் என்ற அளவுகோல் சவுல்கிட்ட இருந்து வந்தது. சவுலைப் பற்றி 9-ஆம் அதிகாரத்தில் முதலில் வர்ற வர்ணனையே, இஸ்ரவேலில் அவரைவிட அழகானவர் இல்லை, மத்தவங்க எல்லாம் அவருடைய தோள் அளவுக்குத்தான் என்பது. ஜனங்களுக்கு முன்னாடி சவுலை நிறுத்தி, இவரைப் போல வேற யாரும் இல்லை என்று சொன்னதும் இதே சாமுவேல்தான். அந்த ராஜா எப்படி முடிஞ்சார் என்று தெரிஞ்ச பிறகும், அதுக்காக அழுது முடிச்ச பிறகும், அடுத்த ராஜாவுக்கும் அதே அளவுகோலைத்தான் எடுத்துக்கிட்டுப் போறார்.

இங்க எபிரெய மூலத்தில் ஒரு விஷயம் இருக்கு. நம்ம மொழிபெயர்ப்பில் அது கண்ணில் படாது. 9-ஆம் அதிகாரத்தில் சாமுவேலுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும். தமிழ் வேதாகமத்தில் 'ஞானதிருஷ்டிக்காரன்'. எபிரெயத்தில் 'ரோயே'. நேரடி அர்த்தம், 'பார்க்கிறவர்'. மத்தவங்க கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிற ஆள். சவுல் வழி கேட்கும்போது, அந்த ரோயே நான்தான் என்று சாமுவேலே சொல்லியிருக்கார்.

இப்போ 16-ஆம் அதிகாரத்துக்கு வாங்க. முதல் வசனத்தில் கர்த்தர், ஈசாயின் மகன்களில் ஒருவனை ராஜாவாகத் தெரிந்துகொண்டேன் என்று சொல்றதா நாம் வாசிக்கிறோம். மூலத்தில் அங்கே இருக்கிற வினைச்சொல் 'பார்த்தேன்'. எனக்கு ஒரு ராஜாவைப் பார்த்து வச்சிருக்கேன் என்கிற மாதிரி. நாம வீட்டில் 'பொண்ணு பார்த்தாச்சு' என்று சொல்றோமே, கிட்டத்தட்ட அந்த அர்த்தத்தில். ஆறாம் வசனத்தில் சாமுவேல் எலியாபைப் 'பார்த்தார்'. ஏழாம் வசனத்தில் மனுஷன் பார்க்கிற விதமும் கர்த்தர் பார்க்கிற விதமும் வேற வேற என்று வருது. எல்லாம் ஒரே வினைச்சொல். 'ரோயே' என்ற பட்டமும் அதே சொல்லில் இருந்து பிறந்ததுதான்.

ஆக இது 'பார்க்கிறவர்' என்று பட்டம் வாங்கினவருடைய பார்வையைக் கர்த்தர் திருத்தின சம்பவம். இஸ்ரவேலிலேயே நல்லாப் பார்க்கத் தெரிஞ்சவர் என்று பேர் எடுத்தவர் தப்பாப் பார்த்துட்டார்.

அந்த வசனத்தை யார் கேட்டாங்க என்றும் கவனிங்க. எலியாபைக் கூப்பிட்டு, உன் உயரத்தை நினைச்சுப் பெருமைப்படாதே என்று கர்த்தர் சொல்லலை. தாவீதுக்கு ஆறுதலாவும் சொல்லலை. தாவீது அந்த நேரத்தில் அங்கேயே இல்லை, ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தான். சொந்த அப்பாவே அவனை வரிசையில் நிறுத்தலை. அந்த வார்த்தை சாமுவேலுக்கு மட்டும் சொல்லப்பட்டது. அது ஒரு திருத்தம். அதை நாம் எடுத்து, திருத்த வேண்டியவங்களை விட்டுட்டு, காயப்பட்டவங்களுக்கு ஆறுதலா மட்டும் கொடுத்துக்கிட்டு இருக்கோம்.

அப்போ அழகா இருக்கிறது தப்பா?

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். அதே அதிகாரத்தில், அஞ்சு வசனம் தள்ளிப் போங்க. தாவீது உள்ளே வர்றான். அவன் சிவந்த மேனி, அழகான கண்கள், பார்க்க நல்லா இருந்தான் என்று வேதமே சொல்லுது. முகத்தைப் பார்க்காதே என்று சொன்ன அதே பக்கத்தில் தாவீதோட முகத்தை வர்ணிச்சிருக்கு!

எனக்கு இது ரொம்பப் பிடிச்ச இடம். கர்த்தர் ஒரு அழகில்லாத ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தால், நாம் உடனே அதிலிருந்து இன்னொரு ரூல் போட்டிருப்போம்: அழகா இருந்தா ஆவிக்குரியவங்க கிடையாது என்று. வேதம் அந்த வழிக்கும் கதவை மூடிடுது. அழகு பாவம் இல்லை, தகுதியும் இல்லை. தாவீது அழகா இருந்தது உண்மை. அவன் தேர்ந்தெடுக்கப்பட்டதுக்குக் காரணம் அது கிடையாது.

'இருதயம்' என்பதையும் கொஞ்சம் சரியாப் புரிஞ்சுக்கணும். எபிரெயத்தில் 'லேவ்' என்றால் உணர்ச்சி மட்டும் இல்லை. யோசனை, தீர்மானம், மனவிருப்பம் எல்லாம் சேர்ந்த இடம். 'மனசு நல்ல மனசு' என்று பொதுவாச் சொல்லிட்டுப் போற விஷயம் இல்லை அது. ஒருத்தர் எதை விரும்புறார், எப்படி முடிவெடுக்கிறார், நெருக்கடியில் என்ன செய்றார் என்பதெல்லாம் அதில் அடங்கும். எலியாபோட இருதயம் அடுத்த அதிகாரத்திலேயே வெளியே வந்துடுச்சு. கோலியாத் முன்னாடி நடுங்கி நின்ன சேனையில் அவனும் ஒருத்தன். சாப்பாடு கொண்டுவந்த தம்பியைப் பார்த்து எரிஞ்சு விழுறான், நீ வேடிக்கை பார்க்க வந்த திமிர் பிடிச்சவன் என்கிற மாதிரி. சாமுவேல் பார்த்த அந்த உயரத்துக்குள்ள இருந்தது இதுதான்.

லேயாளைப் பார்த்தது யார்?

ஆதியாகமம் 29. லாபானுக்கு ரெண்டு பெண்கள். இளையவள் ராகேல் ரொம்ப அழகு. மூத்தவள் லேயாளைப் பற்றிச் சொல்றது அவளுடைய கண்களைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த எபிரெயச் சொல்லுக்கு மென்மை என்றும் சொல்லலாம், பலவீனம் என்றும் சொல்லலாம். எப்படி இருந்தாலும், தங்கச்சியோடு ஒப்பிட்டு எழுதப்பட்ட வரி அது. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் வளர்ந்தவங்களுக்கு இந்த வலி சொல்லாமலே புரியும். வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வச்சுப் பார்ப்பாங்களே, அந்தப் பார்வை.

அப்பா அவளை யாக்கோபுக்குக் கொடுத்தார். முகம் தெரியாத வரைக்கும்தான் அவளுக்குக் கல்யாணம். காலையில் முகம் தெரிஞ்சதும் யாக்கோபுக்குக் கோபம்.

அதுக்கப்புறம் அந்த அதிகாரத்தில் அதே வினைச்சொல் திரும்ப வருது. லேயாள் நேசிக்கப்படாததைக் கர்த்தர் 'பார்த்தார்'. முதல் குழந்தை பிறந்ததும் அவள் வச்ச பேர் ரூபன். எபிரெயத்தில் 'இதோ, ஒரு மகன்' என்று அர்த்தம் வரும். அதில் இருக்கிறதும் 'பார்' என்ற சொல்தான். என் சிறுமையைக் கர்த்தர் பார்த்தார் என்று காரணமும் சொல்றாள். தன்னை யாருமே பார்க்காத வீட்டில், தன் மகனைக் கூப்பிடும்போதெல்லாம் 'பார்' என்று கூப்பிட்டிருக்காள் அந்த அம்மா.

லேயாளின் மகன் லேவி. அந்த வம்சத்தில்தான் மோசே, ஆரோன். அவளுடைய இன்னொரு மகன் யூதா. அந்த வம்சத்தில் தாவீது, அதே வம்சத்தில் இயேசு. இதைச் சொல்லி 'ஆகவே எல்லாம் சுபம்' என்று முடிச்சுட முடியாது. லேயாளின் வலி கடைசி வரைக்கும் முழுசாத் தீர்ந்ததா வேதம் சொல்லலை. கர்த்தர் பார்த்தார். யாக்கோபு பார்க்கலை. ரெண்டும் அந்தக் கதையில் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கு. நமக்கு மெசேஜ் அனுப்பின தங்கச்சி சொன்னதும் இதைத்தான்.

'இருந்தாலும்' என்கிற ஒரு சொல்

நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு பாராட்டு இருக்கு. "பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." சொல்றவங்க மனசார பாராட்டாத்தான் சொல்றாங்க. ஆனா அந்த 'இருந்தாலும்' என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. கறுப்பு ஒரு குறை, அதைத் தாண்டி ஏதோ கொஞ்சம் இருக்கு என்று சொல்லிடுது.

உன்னதப்பாட்டு முதல் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில் ஒரு பெண் தன் நிறத்தையும் அழகையும் பற்றிப் பேசுறாள். நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அங்கே 'இருந்தாலும்' தான். ஆனா எபிரெயத்தில் அந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிறது 'வ' என்ற சின்ன இணைப்புச் சொல். அதை 'ஆனால்' என்றும் வாசிக்கலாம், 'மற்றும்' என்றும் வாசிக்கலாம். கறுப்பும் அழகும் என்று வாசிக்க இலக்கணத்தில் எந்தத் தடையும் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை 'உம்' என்கிற அர்த்தத்தில்தான் எடுத்திருக்கு. லத்தீன் மொழிபெயர்ப்பில் அது 'ஆனால்' ஆயிடுச்சு.

அடுத்த வசனம் இன்னும் முக்கியம். தன்னை அப்படிப் பார்க்க வேண்டாம் என்று சுற்றி நிற்கிறவங்ககிட்ட அவளே சொல்றாள். வெயில் பட்டு இந்த நிறம் வந்தது, அண்ணன்மார் என்னைத் திராட்சைத் தோட்டத்தில் காவல் வேலைக்கு விட்டாங்க என்கிறாள். அந்த நிறத்துக்குப் பின்னாடி ஒரு உழைப்பு இருக்கு, ஒரு வீட்டுக் கதை இருக்கு. பார்க்கிறவங்களுக்கு அது தெரியலை. இங்கேயும் திருத்தம் பார்க்கிறவங்களுக்குத்தான்.

'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2020-ல் பேரில் இருந்த 'ஃபேர்' எடுக்கப்பட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆச்சு. ஒரு க்ரீம் டியூப் அந்த வார்த்தையைக் கைவிட்டுடுச்சு. நம்ம கிறிஸ்தவ வரன் குரூப்களில் வர்ற பயோடேட்டாவில் இன்னும் 'நிறம்' என்று ஒரு வரி தனியா இருக்கு. அதுக்கு மேல் வரியில் 'இரட்சிக்கப்பட்டவர், ஞானஸ்நானம் பெற்றவர்'. ரெண்டும் ஒரே பக்கத்தில்.

பேதுரு நகையைப் பற்றியா எழுதினார்?

உள்ளான அழகு என்றாலே 1 பேதுரு 3-ஆம் அதிகாரம் வந்துடும். பின்னல், பொன் ஆபரணம், உடை இதெல்லாம் உங்க அலங்காரமா இருக்க வேண்டாம், உள்ளத்தில் மறைஞ்சிருக்கிற சாந்தமும் அமைதியுமான ஆவி இருக்கட்டும் என்பது கருத்து. இதை வச்சு தமிழ்ச் சபைகளுக்குள்ள எவ்வளவு விவாதம்! நகை போடலாமா கூடாதா, பூ வைக்கலாமா, வெள்ளைப் புடவை கட்டாயமா. சில சபைகளில் நகையைக் கழற்றுவது ஒரு ஒப்புக்கொடுத்தலாவே நடக்குது. அதை மனசார செய்றவங்க மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனா வாசிக்கும்போது ரெண்டு மூணு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, அந்தப் பட்டியலில் பின்னல், பொன் ஆகியவற்றோடு உடை உடுத்துவதும் இருக்கு. நகை போடுவதை அந்த வசனம் முழுசாத் தடை பண்ணுது என்றால், உடை உடுத்துவதையும் தடை பண்ணணும். பேதுரு சொல்றது அது இல்லை என்று தெளிவாத் தெரியுது. எதை உன் 'அலங்காரம்' என்று நம்பி நிற்கிறாய் என்பதுதான் கேள்வி. அலங்காரம் என்று அங்கே இருக்கிற கிரேக்கச் சொல் 'கோஸ்மோஸ்'. அந்த வேரில் இருந்து வந்ததுதான் இன்னைக்கு நாம் சொல்ற 'காஸ்மெட்டிக்ஸ்'.

ரெண்டாவது, அந்தக் கால ரோம உலகத்தில் வசதியான வீட்டுப் பெண்களின் தலை அலங்காரம் செய்யவே தனியா அடிமைப் பெண்கள் இருந்தாங்க. ஒரு கொண்டைக்குள்ள பணம், நேரம், அந்தஸ்து, இன்னொருத்தியின் உழைப்பு எல்லாம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அடிமைப் பெண்ணும் அதே சபையின் விசுவாசிதான். அந்தக் கூடத்தில் அந்த அலங்காரம் என்ன பேசும் என்று யோசிச்சுப் பாருங்க.

மூணாவது, 'சாந்தம்' என்று பேதுரு சொல்றது பெண்களை அடக்கி உட்கார வைக்கிற சொல் இல்லை. மத்தேயு 11-ல் இயேசு தன்னைப் பற்றிச் சொன்னதும் அதே கிரேக்கச் சொல்தான். ஆண்கள் மீட்டிங்கிலும் இந்தப் பிரசங்கம் தேவை.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. எளிமையே ஒரு ஷோ ஆகலாம். நகை போடாத கழுத்தை வச்சு நகை போட்ட கழுத்தை எடை போட ஆரம்பிச்சோம் என்றால், நாம் மறுபடியும் முகத்தைத்தான் பார்க்கிறோம். அளவுகோல் மாறியிருக்கு, கண் மாறலை.

துணி வெறும் துணி இல்லை

'உள்ளம்தான் முக்கியம், வெளியே எப்படி இருந்தா என்ன' என்று ரொம்பச் சுலபமாச் சொல்லிடவும் முடியாது. நம்ம பக்கத்துச் சரித்திரமே அதுக்குச் சாட்சி.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று தென் திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்களும், தாழ்த்தப்பட்ட மற்றச் சாதிப் பெண்களும் உயர்சாதியார் முன்னால் மார்பை மறைத்து உடுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்கிற ரவிக்கை போட ஆரம்பிச்சாங்க. சந்தைக்குப் போன இடத்தில் அந்தத் துணியைக் கிழிச்சாங்க, ஜெபக்கூடங்களைக் கொளுத்தினாங்க. தோள்சீலைப் போராட்டம் என்று நாம் படிக்கிறது இதைத்தான். பல பத்து வருஷம் நடந்த போராட்டம். 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் ராஜா வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அனுமதிச்சது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை அதோடவே இருந்தது.

அந்தப் பெண்கள்கிட்ட போய், ஆண்டவர் உள்ளத்தைத்தானே பார்க்கிறார், உடை எதுக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? அவங்க விரும்பினது மானம். தேவசாயலில் படைக்கப்பட்ட உடம்பு, கண்டவன் பார்வைக்குக் கட்டுப்பட்டது இல்லை என்கிற நம்பிக்கை. அங்கேயும் பிரச்சினை பார்க்கிறவன் கண்ணில்தான் இருந்தது. இந்த உடம்பை இப்படிப் பார்க்க எனக்கு உரிமை இருக்கு என்று நினைச்ச கண்.

அதனால் நீங்க நல்லா டிரஸ் பண்ணிக்கிறது, முடி வெட்டிக்கிறது, முகப்பருவுக்கு டாக்டரைப் பார்க்கிறது இதுக்கெல்லாம் குற்ற உணர்ச்சி வேண்டாம். உடம்பு கர்த்தர் கொடுத்தது.

வாசலில் நிற்கிறவங்க

யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரம் இன்னும் நேரடியா அடிக்கும். சபைக்கு ரெண்டு பேர் வர்றாங்க. ஒருத்தர் பொன் மோதிரம், பளபளக்கிற உடை. இன்னொருத்தர் அழுக்குத் துணியோட ஒரு ஏழை. முதல் ஆளுக்கு நல்ல இடம். ரெண்டாவது ஆளை, அங்கே நில்லு, இல்லைன்னா என் கால்பக்கம் உட்காரு என்கிறாங்க.

யாக்கோபு யாரைக் கண்டிக்கிறார்? மோதிரம் போட்டு வந்தவரை ஒரு வார்த்தை சொல்லலை. ஏழைக்கு, உன் உள்ளம் அழகு என்று ஆறுதலும் சொல்லலை. உட்கார வச்சவங்களைப் பிடிக்கிறார். தப்பான எண்ணத்தோடு தீர்ப்புச் சொல்ற நீதிபதிகளா நீங்க ஆயிட்டீங்க என்கிறார். இன்னைக்குப் பாஷையில் சொன்னால், உஷரிங் டீமுக்கு எழுதின கடிதம் அது. மீடியா டீமுக்கும்தான். ஆராதனை லைவ் போகும்போது கேமரா யார் முகத்தில் நிற்குது, பாடகர் குழுவில் முன் வரிசையில் யார், நிகழ்ச்சி போஸ்டரில் யார் போட்டோ. இதை உங்க சபையில் ஒரு வாரம் கவனிச்சுப் பாருங்க.

இயேசுவின் முகம் எப்படி இருந்தது என்று நாலு சுவிசேஷத்திலும் ஒரு வரி கூட இல்லை. கெத்செமனே தோட்டத்தில் யூதாஸ் முத்தம் கொடுத்து அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. ஏசாயா 53-ல் வர்ற தாசனுக்கு, நாம் விரும்புகிற மாதிரி எந்த அழகும் இல்லை என்று எழுதியிருக்கு. ஆனா உலகத்தில் அதிகமாப் பரவின இயேசு படங்களில் ஒண்ணு, 1940-ல் சிகாகோவில் வார்னர் சால்மன் என்ற விளம்பர ஓவியர் வரைஞ்சது. வெளுத்த முகம், அலை அலையான பழுப்பு முடி. அதுவும் அதைப் பார்த்து வரைஞ்ச படங்களும் நம்ம வீட்டு காலண்டர் வரைக்கும் வந்துடுச்சு. முதல் நூற்றாண்டில் கலிலேயாவில் வாழ்ந்த ஒரு யூதத் தச்சரை நம்ம கண்ணுக்குப் பிடிச்ச நிறத்தில் மாத்தி மாட்டியிருக்கோம். கர்த்தரையே நாம் விட்டு வைக்கலை.

என் கண்

இதெல்லாம் சொல்லிட்டு நான் தப்பிச்சுட முடியாது. சில வருஷத்துக்கு முன்னாடி எங்க அண்ணனுக்குப் பொண்ணு பார்க்கக் குடும்பமாப் போனோம். அந்த அக்கா எங்களுக்கு டீ கொடுத்தாங்க. சண்டே ஸ்கூலில் டீச்சரா இருக்கிறதைப் பற்றி ஆர்வமாப் பேசினாங்க. திரும்பி வரும்போது காரில் அம்மா, "உனக்கு எப்படிடா தோணுச்சு?"ன்னு கேட்டாங்க. நான் சொன்ன பதில்: "எல்லாம் ஓகேம்மா, கலர்தான் கொஞ்சம்..." வாக்கியத்தைக் கூட முடிக்கலை. யாரும் மறுத்துப் பேசலை. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எழலை. அவங்க வீட்டுக்கு நாங்களும் அதே பதிலைத்தான் அனுப்பினோம்: ஜெபிச்சோம், சமாதானம் இல்லை.

வாய்ஸ் மெசேஜைக் கேட்ட அன்னைக்கு ராத்திரி எனக்கு அந்த டீ கப் ஞாபகம் வந்துச்சு. அந்த அக்கா பேர் ஞாபகம் வரலை.

அதனால் இந்த வாரம் மூணு விஷயம் செஞ்சு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒண்ணு, நம்ம வீட்டில் வரன் பேச்சு வரும்போது நிறத்தைப் பற்றி யாராவது ஆரம்பிச்சால், நாம் ஒரு வார்த்தை பேசணும். சண்டை போட வேண்டாம். "இதுக்கு 'சமாதானம் இல்லை'ன்னு பேர் வைக்க வேண்டாம்மா" என்று சொன்னாலே போதும். தன் விருப்பத்துக்குக் கர்த்தர் பேரைப் போடறது சின்ன விஷயம் இல்லை.

ரெண்டு, பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது "யார் கலர்?" என்று கேட்கிற பழக்கத்தை நிறுத்தலாம். ஒரு மனுஷனைப் பற்றி இந்த உலகம் கேட்கிற முதல் கேள்வியா அது இருக்க வேண்டாம்.

மூணு, ஒருத்தரைப் பாராட்டணும்னா, அவங்ககிட்ட நீங்க உண்மையாவே கவனிச்ச ஒண்ணைச் சொல்லுங்க. "நீ பேசும்போது எல்லாரும் பேச இடம் கொடுக்கிற." "அன்னைக்கு அந்தப் பாட்டிக்கு நீ இடம் விட்டதைப் பார்த்தேன்." உள்ளான அழகு இருக்குன்னு பொதுவாச் சொல்றது சுலபம். அதைப் பார்க்க நேரம் வேணும், பழகணும். சாமுவேல் கூட ஏழு பேரைப் பார்த்து முடிச்சு, எட்டாவது ஆள் வயலில் இருந்து வர்ற வரைக்கும் சாப்பிட உட்காராமல் காத்திருந்தார். திருத்தப்பட்ட கண்ணுக்கு அந்தப் பொறுமை வந்துச்சு.

மெசேஜ் அனுப்பின தங்கச்சிக்கு: உங்க கேள்வி சரியான கேள்வி. அந்த வசனம் உங்களுக்கு ஆறுதலா இருந்தால் வச்சுக்கோங்க, அது உங்களுக்கும் உரியதுதான். ஆனா அது முதலில் எங்களுக்குச் சொன்னது. உங்க போட்டோவைப் பார்த்தவங்களுக்கு. அன்னைக்குக் காரில் உட்கார்ந்திருந்த எனக்கு. நீங்க கேட்டதால் இன்னைக்குச் சொல்லிட்டேன்.

உங்க வீட்டில் வரன் பார்க்கிறவங்க யாராவது இருந்தால் இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம். கர்த்தர் நம்ம கண்களைத் திறப்பாராக.